வானத்துக்கும் தடைக்காலம்தான் அண்ணே

கேள்வி: கொரோனா டைம்ல ஏர்லைன்ஸ்ல சம்பளத்த வெட்டிட்டாங்கன்னு பைலட்டும் ஏர்ஹோஸ்டஸும் இன்னும் பொலம்பறாங்க. வெளிநாட்டுல அரசாங்கமே சம்பளம் கொடுத்துச்சாம், இங்கயும் கொடுத்திருக்கணுமாம். லட்சத்துல வாங்கறவங்களுக்கு நம்ம வரிப்பணத்துலேருந்து எதுக்கு சம்பளம்? நாங்க கடலுக்குப் போவாத நாளைக்கு எங்களுக்கு யாரு கூலி தரா?
— மீனவ வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அந்த கடைசி வரிய எழுதாம விட்டிருந்தீங்கன்னா எனக்கு பதில் சொல்றது கொஞ்சம் கஷ்டமா இருந்திருக்கும் அண்ணே, நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க.

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், அதுக்கு நிவாரணம்னு ஒன்னு அக்கவுண்ட்ல ஏறுதா இல்லையா? 2020ல தமிழ்நாட்டுல அது 5,000, அப்புறம் 8,000 ஆக்கினாங்க. ரெண்டு மாசத்துக்கு அது எந்த மூலைக்குன்னு கேப்பீங்க, நியாயம்தான், வலை தைக்கற நூலுக்கும் டீக்கடை பாக்கிக்கும் சரியாப் போயிடும். ஆனா அத ஏன் தராங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நீங்க காத்து மழைக்காக கரையில உக்காரல, சோம்பேறித்தனத்துலயும் உக்காரல, போவாதன்னு அரசாங்கம் சொல்லிச்சு நீங்க படக கட்டிப்போட்டீங்க. மூடினவன் கொஞ்சமாவது தரணும், அதுதான் அந்த காசோட கணக்கு.

அந்த வருஷம் வானத்துக்கும் தடைக்காலம் போட்டாங்க. 2020 மார்ச் 23லேருந்து வெளிநாட்டு ஃபிளைட் நிறுத்தம், 25லேருந்து உள்நாடும் நிறுத்தம். உள்நாடு மே 25ல தொறந்துச்சு, அதுவும் மூனுல ஒரு பங்குதான் ஓட்டலாம்னு. வெளிநாட்டுல மாட்டினவங்கள கூட்டி வர வந்தே பாரத் ஃபிளைட், நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போட்டு ஓட்டின ஏர் பப்பிள்னு நடுவுல கொஞ்சம் ஓடுச்சே தவிர ரெகுலர் சர்வீஸ் தொறந்தது 2022 மார்ச் 27க்குத்தான். எங்க புதுச்சேரி லாஸ்பேட்டை ஏர்போர்ட்ட கேக்கவே வேணாம், இருந்ததே ஹைதராபாத், பெங்களூருன்னு ரெண்டு ஊருக்கு, அதுவும் போயி ரெண்டு வருஷம் ரன்வேல வெயில்தான் இறங்கி ஏறுச்சு.

இப்போ அந்த லட்சத்துக்கு வரேன். பைலட் லட்சத்துல வாங்கறாரு, ஒத்துக்கறேன், படிப்புக்கே அரைக் கோடிக்கு மேல கடன் வாங்கி அந்த சீட்டுல உக்காந்தவரு அவரு, அத விடுங்க. கேபின் க்ரூ, அதாவது ஏர்ஹோஸ்டஸ்? மஞ்சக்குப்பத்துல என் ஃப்ரெண்டு பொண்ணு ஒருத்தி இருக்கா, கம்பெனி பேரு எதுக்கு, அவளோட சம்பள ஸ்லிப் ரெண்ட என்கிட்ட காட்டினா. லாக்டவுனுக்கு முன்னாடி மாசம் 48,000. அதுல நிக்கற காசு, அதாவது பறந்தாலும் பறக்காட்டியும் வரது, 26,000தான். மிச்ச 22,000 பறந்த மணி நேரத்துக்கும் வெளியூர்ல தங்கற ராத்திரிக்கும் வர அலவன்ஸ். மே மாசம் ஒரு மணி நேரம் கூட பறக்கல, அந்த 22,000 மொத்தமா காலி, இத யாரும் சம்பள வெட்டுன்னே சொல்ல மாட்டாங்க, பறந்தாத்தானே அலவன்ஸும்பாங்க. அப்புறம்தான் வெட்டு, நிக்கற காசுல 10 பர்சன்ட். அதுக்கு மேல சம்பளமில்லா லீவு நாலு நாள், லீவு வேணும்னு அவ கேக்கல, கொடுத்தாங்க. பிஎஃப் போக கைக்கு வந்தது 18,000 சொச்சம். பேப்பர்ல 10 பர்சன்ட்னு படிச்சீங்கல்ல, அது வீட்டுக்குள்ள வரும்போது 60 பர்சன்ட்டுக்கு மேல ஆயிடுது. கோர்ஸுக்கு வாங்கின லோனுக்கு இஎம்ஐ மட்டும் 11,500. ரிசர்வ் பேங்க் ஆகஸ்ட் வரைக்கும் தள்ளி வச்சிக்கலாம்னு சொல்லிச்சு, தள்ளி வச்சா, வட்டி தள்ளி நிக்கலையே. நான் போனப்ப அவளோட டிராலி பேக் திண்ணையில இருந்துச்சு, கைப்பிடில கடைசி டியூட்டிக்குப் போன டேக் கூட அவுக்கல, அது மேல அவ அண்ணன் பையன உக்கார வச்சு தெருவுல வண்டி இழுத்துகினு இருக்கா.

இது அவ கதை மட்டும் இல்ல. நாட்டுலயே பெரிய ஏர்லைன்ஸ் இண்டிகோ, அவங்க 2020 மார்ச் 19ஆம் தேதியே சொன்னது சிஇஓவுக்கு 25, பைலட்டுக்கு 15, கேபின் க்ரூவுக்கு 10 பர்சன்ட்னு. மேல இருக்கறவங்களுக்கு அதிகம், கீழ கம்மி, பாக்க நியாயமாத்தான் இருந்துச்சு. மார்ச் 29ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஒரு ஆர்டர் போட்டுச்சு, லாக்டவுன்ல யாருக்கும் சம்பளத்த பிடிக்கக் கூடாது, முழுசா கொடுன்னு. அரசாங்கம் கேட்டுக்கிச்சுன்னு ஏப்ரல் வெட்ட இண்டிகோ நிறுத்தினாங்க. மே மாசம் வெட்டு திரும்ப வந்துடுச்சு, கூட சம்பளமில்லா லீவும். உள்துறை ஆர்டரையும் மே 18லேருந்து வாபஸ் வாங்கிட்டாங்க, அது சம்பந்தமா கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுக்காதீங்கன்னு ஜூன் 12ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, ஜூலை 20ல பத்துல ஒரு ஆள வீட்டுக்கு அனுப்பறோம்னு இண்டிகோ அறிவிச்சாங்க. அந்த ஆர்டர்ல ஒரு பைசா இல்ல பாருங்க. அடுத்தவன் பாக்கெட்ட காட்டி, அதுலேருந்து கொடுன்னு சொல்றது எப்பவும் சுலபம்.

அரசாங்கம் ஒன்னுமே தரலையான்னா தந்துச்சு, ஆனா கோடு போட்டு. 100 பேருக்குள்ள இருக்கற கம்பெனி, அதுல 90 பர்சன்ட் பேர் 15,000க்கு கீழ வாங்கணும், அப்போ ரெண்டு பக்க பிஎஃப்பையும் அரசாங்கம் கட்டும். ஈஎஸ்ஐ காப்பீட்டுல உறுப்பினரா இருந்து வேலை போனவங்களுக்கு சராசரி சம்பளத்துல பாதி, மூனு மாசம். ஈஎஸ்ஐக்கு அப்போ சம்பள வரம்பு 21,000, நம்ம பொண்ணு வெளியில. 2021 மே மாசம் ஏர்லைன்ஸுக்கும் அவசரக் கடன் உத்தரவாதத்த நீட்டினாங்க, அது கம்பெனிக்கு கடன், ஆளுங்களுக்கு சம்பளம் இல்ல.

வெளிநாட்டுல கொடுத்தது நிஜம்தான். இங்கிலாந்துல வீட்டுல உக்கார வச்ச ஆளுக்கு 80 பர்சன்ட், மாசம் 2,500 பவுண்டு வரைக்கும், 2021 செப்டம்பர் 30 வரைக்கும் ஓடுச்சு, பைலட்டு, பப்ல கிளாஸ் கழுவறவன்னு பேதம் பாக்கல. அமெரிக்காவுல பயணிகள் ஏர்லைன்ஸுக்கு 25 பில்லியன் டாலர், சம்பளத்துக்கு மட்டும்தான், 2020 செப்டம்பர் 30 வரைக்கும் யாரையும் தூக்கக் கூடாதுன்னு கண்டிஷன். கண்டிஷன் முடிஞ்ச மறுநாள், அக்டோபர் 1, அமெரிக்கன், யுனைடெட் ரெண்டு கம்பெனியும் சேந்து 32,000 பேரு கிட்ட வீட்டுக்கு அனுப்பினாங்க. தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு காத்துகினு இருந்த மாதிரி! அதனால, கம்பெனி கையில காச கொடுத்திருந்தா நான் திட்டி எழுதியிருப்பேன், கண்டிப்பா. தடைக்கால நிவாரணத்த போட் ஓனர்கிட்ட கொடுத்து, பாத்து பிரிச்சிக் கொடுப்பான்னா நீங்க ஒத்துப்பீங்களா? உங்க குடும்பத்து அக்கவுண்ட்ல தானே கேக்கறீங்க, அவளுக்கும் அப்படித்தான் கேக்கறேன், ஏர்போர்ட்ல மூட்டை ஏத்தற கான்ட்ராக்ட் ஆளுக்கு அவளுக்கு முன்னாடி.

பாதி சம்பளம்லாம் எங்கூருக்கு புதுசு கெடையாது. கடலூர் ரோடுல நீங்க பஸ்ல வரும்போது பாத்திருப்பீங்க, ஏஎஃப்டி மில்லு. 2013லேருந்து லே ஆஃப், பாதி சம்பளம், 2020 ஏப்ரல் 30ல மூடியே போச்சு, அதே கொரோனாவுல, ஊரடங்குல, மில்லு முன்னாடி வந்து நின்னு அழக்கூட ஆளு வர முடியல. அந்த பாதி யாரும் பாத்து போட்ட பிச்ச இல்ல, 1953லயே தொழில் தகராறு சட்டத்துல சேத்தது, வேலை இல்லன்னு ஆள உக்கார வச்சா அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டுலயும் பாதி தரணும்னு. ஆனா அந்த பிரிவு அப்போ யாருக்குன்னா ஃபேக்டரி, சுரங்கம், தோட்டம் இந்த மூனுக்குத்தான். ஏரோபிளேன் அதுல இல்ல. அவங்க லே ஆஃப்னும் சொல்லல, சம்பளமில்லா லீவுன்னு வேற பேரு வச்சாங்க, பாதி கூட தர வேணாம் பாருங்க. எங்க முதலியார்பேட்டை மில்லுக்காரருக்கு இருந்த உரிமை கூட ஆகாசத்துல பறக்கற பொண்ணுக்கு இல்ல, இவளப் போயி லட்சாதிபதிங்கறீங்க.

61 நாளைக்கு 8,000 பத்தாதுன்னு அடுத்த கேள்வி அனுப்புங்க அண்ணே, முழுப் பக்கம் ஒதுக்கறேன். அந்தப் பொண்ணு திரும்ப பறந்துகினுதான் இருக்கா. போன வாரம் பாத்தப்போ அந்த மே மாச ஸ்லிப் இன்னும் அவ போன்ல இருந்துச்சு, எதுக்கும்மா இத வச்சிருக்கேன்னு கேட்டேன். "லோன் முடியட்டும் மாமா, அன்னைக்கு டெலிட் பண்றேன்"னா.