நேட்டோ கூட்டணி இன்னும் இருபது வருடம் தாங்குமா?

அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த இந்த ராணுவக் கூட்டணி தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். எந்த லட்சணத்தில் தாங்கும் என்பது வேறு விஷயம்.

எனக்கு வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம் என்பதால் ராணுவப்பேட்டை என்றே எங்கள் ஊரைச் சொல்வார்கள். பெரியப்பாவும் பென்ஷன்காரர்தான். டிவியில் நேட்டோ செய்தி வந்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "சண்டைன்னா ஆள் வருமா, கடுதாசி வருமா?"

நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்தது. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம் என்று படுவதைச் செய்யலாம் என்கிறது. படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காகவே அந்தப் பிரிவைக் கையில் எடுத்தார்கள்.

உறுப்பினர் கோபித்துக்கொண்டு போவதால் கூட்டணி உடையாது. 1966இல் பிரான்ஸ் கூட்டுப்படைத் தலைமையிலிருந்து விலகியது. தலைமையகம் பாரிஸிலிருந்து பெல்ஜியத்துக்கு மாறியது, அவ்வளவுதான். 2009இல் பிரான்ஸே திரும்பி வந்தது. இப்போது பின்லாந்து, சுவீடனும் சேர்ந்து 32 நாடுகள்.

எனக்குப் பயம் வேறு: ஐரோப்பா அமெரிக்கப் படையையே நம்பி இருப்பதுதான். எங்கள் ஆற்காட்டு நவாப் முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1751 ஆற்காடு முற்றுகையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் படை அவர் பக்கம் நின்றது. அதன்பின் கம்பெனிப் படையையே நம்பி, அதன் செலவுக்குக் கடன்மேல் கடன் வாங்கினார். 1801இல் அவர் வம்சத்தின் கையிலிருந்து ஆட்சியே போய்விட்டது.

சரி, ஜெர்மனி ஒன்றும் நவாப் இல்லை, கையில் காசு இருக்கிறது. 2014இல் நேட்டோ நாட்டுத் தலைவர்கள் உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் ராணுவத்துக்கு என்றார்கள். 2025இல் ஹேக் மாநாட்டில் அதையே 2035க்குள் 5 சதவீதம் ஆக்கினார்கள். அதில் 3.5தான் நேரடி ராணுவச் செலவு, மீதி பாலம், ரோடு, சைபர் பாதுகாப்பு வகையறா. ஆனால் உளவுச் செயற்கைக்கோளும், வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிடம்தான். பணம் இருந்தாலும் அதையெல்லாம் உருவாக்கப் பல வருடம் ஆகும்.

நான் கவனிப்பது ஒரு நாற்காலியை. ஐரோப்பாவில் கூட்டணிப் படைகளின் தலைமைத் தளபதியாக 1951இல் ஐசன்ஹோவர் வந்ததிலிருந்து அமெரிக்கர்தான் உட்கார்ந்திருக்கிறார். என்றைக்கு ஒரு ஐரோப்பியர் அதில் உட்காருகிறாரோ, அன்றைக்குப் பெரியப்பாவைக் கூப்பிட்டு டிவியைக் காட்டுவேன்.