சூரியக் கருவிகளும் இரண்டாம் வரிசையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். சூரிய ஆய்வுக்கான கருவிகள் செய்யும் வேலைக்குப் போக ஆசை. இயற்பியல் படிக்காதவன் அங்கே கடைசிவரை இரண்டாம் வரிசையில்தான் நிற்கவேண்டும் என்கிறார் எங்கள் பேராசிரியர். உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜான் எவர்ஷெட் இங்கிலாந்தில் தொழிற்துறை வேதியியலாளராகச் சம்பளம் வாங்கியவர். மிச்ச நேரத்தில் நிறமாலைக் கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டு சூரியனை ஆராய்ந்தார். 1907ல் கொடைக்கானலுக்கு வந்தார். 1909 ஜனவரியில் அவர் எடுத்த படங்களில், சூரியப் புள்ளியின் வெளிவிளிம்பில் நிறமாலைக் கோடுகள் தம் இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தன. ஒளியை விடும் வாயு நகர்ந்தால் கோடு இப்படி விலகும். புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்பதற்கு அதுவே சான்று. இன்றும் அது எவர்ஷெட் விளைவுதான். கருவியை அணு அணுவாக அறிந்தவர் என்பதால்தான் அந்த மயிரிழையை அவரால் நம்ப முடிந்தது என்று நினைக்கிறேன்.

இரவு வானியலில் ஒளி போதாது. சூரியனிடம் பாடு வேறு, மிஞ்சும் ஒளியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா, நாம் காணும் சூரிய வட்டைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கல். இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்1ல், கொரோனாவைப் பார்க்கும் வெல்க் (VELC) கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் ஆடியின் நடுவே ஒரு துளை. வட்டின் பிம்பம் அந்தத் துளை வழியே போய்விடும்; பின்னாலிருக்கும் இன்னொரு ஆடி அதைக் கருவிக்கு வெளியே தள்ளிவிடும். துளையைச் சுற்றி விழும் கொரோனா ஒளி மட்டும் உள்ளே திரும்பும். ஆடியில் ஒரு தூசி இருந்தாலும் சிதறும் ஒளி கொரோனாவை விழுங்கப் பார்க்கும். அந்த ஆடிகளை நெளியாமல் பிடித்துக்கொள்வது, ராக்கெட்டின் அதிர்வில் இம்மியும் நகராமல் காப்பது, வெப்பத்தில் விரிவதைக் கணக்கிடுவது எல்லாம் உங்கள் மெக்கானிக்கல்தான். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போனபின் யாரும் ஸ்க்ரூவைத் திருக முடியாது.

நீங்கள் யோசிக்கவேண்டியது காலத்தைப் பற்றி. ஆதித்யா திட்டம் 2008ல் பேச்சில் வந்தது, ஏவப்பட்டது 2023 செப்டம்பர் 2. நடுவில் வடிவமே மாறியது. ஒரு பொறியாளரின் பணிக்காலத்தில் பாதி, ஒரே கருவியில் போகலாம். அதைத் தாங்குவீர்கள் என்றால் தயங்காதீர்கள்.

இப்போதே ஒளியியல் படிக்கத் தொடங்குங்கள். வானியல் கருவியியலுக்கென்றே இந்திய வானியற்பியல் நிறுவனம் கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து எம்.டெக்., பிஎச்.டி. இணைந்த படிப்பை நடத்தியிருக்கிறது. இந்த ஆண்டு சேர்க்கை உண்டா, என்ன தகுதி என்று அவர்களிடமே விசாரியுங்கள்.