அம்மாவின் செலவு முழுவதையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். அண்ணனைச் சட்டப்படி கொடுக்க வைக்க முடியுமா?

முடியும். ஆனால் மனு கொடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் அம்மா. இது தெரியாமல் நான் ஏழு மாதம் அலைந்தேன்.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, மருந்து, பகலில் கூட இருக்க ஓர் ஆள் என்று எல்லாச் செலவும் என் தையல் வருமானத்திலும் கணவர் சம்பளத்திலுமே நடந்தது. அண்ணன் திருப்பூரில் வசதியாகத்தான் இருக்கிறார். கேட்டால், "நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன், கேரளத்து ஆபீஸ் என்னை என்ன செய்யும்?" என்பார்.

அது தவறு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 மத்திய அரசின் சட்டம். மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினாலும் அதே சட்டம்தான். அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றோடு மருத்துவச் செலவும் பராமரிப்பில் அடங்கும். மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தி எல்லோரும் பொறுப்பு. கட்டிக்கொடுத்த மகளுக்கும் விலக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 1987இல் இதைச் சொல்லிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், இந்த உரிமை பெற்றவருடையது. உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள இந்தச் சட்டத்தில் வழி இல்லை. அம்மாவோ, அவர் அனுமதி கொடுத்த ஒருவரோதான் மனு கொடுக்க முடியும். என் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "பெற்ற பிள்ளைமேல் கைநாட்டு வைக்க மாட்டேன், கண்ணு."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மருந்துக்கடை பாக்கி ஏறிக்கொண்டே போனது. வழி காட்டியவர் ஓய்வுபெற்ற கிராம அலுவலக ஊழியர் ஒருவர். மனுவை ஒரு பிள்ளைமேல் மட்டும் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை, பொறுப்புள்ள மற்றவர்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 5ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது. ஆகவே அம்மாவை என்மேல் மனு கொடுக்கச் சொன்னேன்; அண்ணனையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா. கட்டிலில் சாய்ந்தபடி கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தவர், தாளில் பதிக்கும் முன் கையை இழுத்துக்கொண்டு, "உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களே?" என்று இரண்டு முறை கேட்டார்.

மனுவைத் தமிழிலேயே எழுதினோம். கேரளத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் தமிழர்களுக்கு அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத உரிமை உண்டு. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. தயங்காதீர்கள். இந்த மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்ட அலுவலர்) தலைமையில் நடப்பது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. வைக்கவே கூடாது என்று 17ஆம் பிரிவு சொன்னாலும், அது செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள்.

எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டப்படி மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். அதுவும் உத்தரவு நாளிலிருந்து, அல்லது தீர்ப்பாயம் நினைத்தால் மனு கொடுத்த நாளிலிருந்து. அதற்கு முன் நான் செலவழித்தது போனதுதான். இது தெரிந்திருந்தால் முதல் மாதமே மனு கொடுத்திருப்போம். அதிகம் தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 144ஆம் பிரிவில் கேட்கலாம். அங்கே உச்சவரம்பு இல்லை, ஆனால் இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். மருத்துவமனை பில் வேறு கணக்கு. இந்தச் சட்டத்தைக் காட்டி மருத்துவமனை பிள்ளைகளிடம் வசூலிக்க முடியாது. சேர்க்கும்போது "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அந்தக் கையெழுத்து உங்களைப் பிடிக்கும். நான் படிக்காமல் போட்டேன். நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் விஷயம் உத்தரவு வரை போகவில்லை. விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக அம்மா உள்ளே வந்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். விழுந்தபின் அவர் அம்மாவைப் பார்த்தது அன்றுதான். அம்மா கேட்டது ஒன்றுதான். "சாப்பிட்டாயா, சாமி?" அலுவலர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாதம் 5,000 ரூபாய், 5ஆம் தேதிக்குள், அம்மாவின் வங்கிக் கணக்கில் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை.