பிளைண்ட் காத்திருக்காது

கேள்வி: மூன்று வருடமாகச் சனிக்கிழமை ராத்திரிகளில் இங்குள்ள கார்டு ரூமில் 1-2 டாலர் ஹோல்டம் போக்கர் ஆடுகிறேன். பெரிதாகக் கையைக் கடித்ததில்லை. நண்பர்கள் பேச்சைக் கேட்டு இந்தக் கோடையில் ஐந்து டோர்னமென்ட் ஆடினேன். ஐந்திலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினேன். சீட்டு அதே சீட்டுதானே, ஏன் இப்படி?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: ஐந்தெல்லாம் ஒரு கணக்கா? நூறு பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய பதினைந்து பேருக்குத்தான் பரிசு. லாஸ் வேகஸில் நான் தொடர்ந்து பதினான்கு முறை சும்மா எழுந்து வந்திருக்கிறேன். "அந்தக் காசுக்கு எட்டு மாதம் மளிகை வாங்கியிருக்கலாம்" என்றாள் வீட்டுக்காரி. மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துப் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்; 1-2 ஆட்டத்தில் சின்னது 1 டாலர், பெரியது (பிக் பிளைண்ட்) 2 டாலர். நீங்கள் சனிக்கிழமை ஆடும் கேஷ் மேசையில், அதாவது நிஜப் பணத்துக்கே ஆடும் மேசையில், 200 டாலர் வைத்தால் 100 பிக் பிளைண்ட். விடிய விடிய ஆடினாலும் பிளைண்ட் அதே 1-2. ராஜா ஜோடி வரும்வரை ஃபோல்ட் செய்துகொண்டு (சீட்டைப் போட்டுவிட்டு) காபி குடிக்கலாம். டோர்னமென்ட்டில் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும்; அந்தப் பொறுமையே ஆளைக் கரைத்துவிடும். 20,000 சிப்ஸ் (பந்தய வில்லைகள்) இருக்கிறது, பிளைண்ட் 100-200 என்றால் நீங்கள் பணக்காரர். அதே சிப்ஸ், பிளைண்ட் 1,000-2,000 ஆனதும் கையில் பத்தே பத்து பிளைண்ட். அப்போது ஒன்று ஆல்-இன் (இருக்கும் சிப்ஸ் எல்லாவற்றையும் வைப்பது), இல்லை ஃபோல்ட். உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்து, பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) உங்கள் கையில் ஏஸும் ஐந்தும் இருந்தால் தயங்காமல் தள்ளுங்கள்.

இன்னொன்று எனக்குப் புரியவே வருடக்கணக்கானது. ஒருமுறை மூன்று பேர் மிஞ்சினோம். எண்ணிக்கையைச் சுலபமாக்கிச் சொல்கிறேன்: பரிசு 500, 300, 200 டாலர், மூவரிடமும் சமமான சிப்ஸ். அப்படியென்றால் என் பங்கின் மதிப்பு 333. ஒருவரோடு ஆல்-இன் மோதி ஜெயித்தால் சிப்ஸ் இரண்டு மடங்கு, மதிப்போ 433தான் (முதலிடத்துக்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு, இல்லாவிட்டால் இரண்டாமிடம்). தோற்றால் 200 டாலரோடு நடையைக் கட்டணும். நூறு டாலர் லாபத்துக்கு 133 டாலரைப் பணயம் வைக்கிறோம்! கேஷில் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள மோதலால் நஷ்டமில்லை. இங்கே 57 சதவீதமாவது வேண்டும். நான் பாதி வாய்ப்போடு பாய்ந்து மூன்றாவதாக வெளியேறினேன்.

2003-ல் டென்னசி கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். அது வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டித் தொடரின் 10,000 டாலர் கட்டணமுள்ள மெயின் ஈவென்ட். இப்போது அதில் ஒவ்வொரு பிளைண்ட் லெவலும், அதாவது பிளைண்ட் ஏறாமல் இருக்கும் நேரமும், இரண்டு மணி நேரம் ஓடும். கேஷில் பழகிய நிதானத்துக்கு அங்கே இடமுண்டு. நம் தினசரி ஆட்டங்களில் 20 நிமிடம்தான். அதனால் பணம் கட்டும் முன் கவுன்ட்டரில் பிளைண்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 30, 40 நிமிட லெவல் உள்ளதாக மாதம் ஒன்று போதும். மற்ற சனிக்கிழமைகளில் பழைய மேசையிலேயே ஆடுங்கள்.

அப்புறம், வெளியேறியதும் திரும்பப் பணம் கட்டி உட்காரலாம் என்பார்கள். 150 டாலர் ஆட்டம் மூன்றாவது தடவை 450 டாலர் ஆட்டமாகிவிடும். நான் ஏடிஎம் கார்டை ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.