விமானம் ரத்து: வழக்கை உங்கள் ஊரிலேயே போடலாம்

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். போன மாதம் நானும் அம்மாவும் சென்னையிலிருந்து டெல்லி போக வேண்டிய விமானத்தை, புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போது 'ஆபரேஷனல் காரணம்' என்று எஸ்எம்எஸ் அனுப்பி ரத்து செய்தார்கள். வேறு விமானத்தில் 14,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் போனோம். டிக்கெட் பணத்தை அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத்தான் தருவார்களாம். வழக்கென்றால் டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று டிக்கெட் நிபந்தனையில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: டெல்லிக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டிக்கெட்டின் பொடி எழுத்து நிபந்தனை இந்த உரிமையைப் பறிக்காது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கம்பெனி வேலைக்காக, கம்பெனி பணத்தில் போன பயணமென்றால் 'வணிக நோக்கம்' என்று மறுப்பார்கள்.

கிரெடிட்டை ஏற்காதீர்கள். பணமா கிரெடிட்டா என்று முடிவு செய்வது பயணிதான் என்கின்றன விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகள். செயலியில் அவசரத்தில் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தியவர்களின் வழக்கு அங்கேயே பலவீனமாகிறது.

டிஜிசிஏ விதிப்படி இழப்பீடு தனி. புறப்பட 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்துத் தகவல் வந்து, பறக்கும் நேரம் 2 மணி நேரத்துக்கு மேல் என்றால், 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. இது ஒவ்வொரு பயணிக்கும் உண்டு. டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 5,100 என்று இருந்து எரிபொருள் கட்டணம் தனியாக இல்லாவிட்டால், கிடைப்பது 5,100தான், 10,000 அல்ல. வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. அதனால் விமான நிறுவனம் பதிலில் வானிலையைச் சொல்லக்கூடும். அன்று அதே வழியில் மற்ற விமானங்கள் பறந்ததைக் காட்டும் திரைப்பதிவை இப்போதே எடுத்து வையுங்கள். 'ஆபரேஷனல் காரணம்' என்ற அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள்; பிறகு காரணத்தை மாற்றினால் அதுதான் உங்கள் முதல் சாட்சி.

முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு (பயணிகளின் புகார்களைக் கவனிப்பவர்) மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்: தொகை, கணக்கு, 15 நாள் கெடு. பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். டிக்கெட்டில் இருப்பது பிராண்டின் பெயர். எதிர்தரப்பினர் பதிவு செய்த கம்பெனியாக இருக்க வேண்டும். உதாரணமாக, இண்டிகோவின் கம்பெனிப் பெயர் இன்டர்குளோப் ஏவியேஷன் லிமிடெட். முன்பதிவு இணையதளம் பணத்தைப் பிடித்து வைத்திருந்தால் அதையும் இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

மனுவை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவேற்றலாம். அம்மாவும் மனுதாரராகக் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அவர் பங்கு கேள்விக்குள்ளாகும். உடன் பிரமாணப் பத்திரம், டிக்கெட், புது டிக்கெட்டின் ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு, நோட்டீஸ் சென்று சேர்ந்ததற்கான சான்று. வேண்டுகோளைப் பிரித்து எழுதுங்கள்: டிக்கெட் பணம், கூடுதல் 14,200, டிஜிசிஏ இழப்பீடு, மன உளைச்சல், வழக்குச் செலவு, வட்டி. 'மன உளைச்சலுக்கு 10 லட்சம்' என்று கேட்பது மற்ற கணக்கின் நம்பகத்தன்மையையும் கெடுக்கும். அம்மாவின் வயதையும், விமான நிலையத்தில் காத்திருந்த மணி நேரத்தையும் சொல்லுங்கள். ஆணையம் அதைத்தான் பார்க்கும்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 45 நாள் கடந்தால் அன்றே எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். காணொலி விசாரணை வேண்டுமென்றால் மனுப் போடலாம்.

உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து, அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனால் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லாமல் பணமும் தராமல் இழுத்தால், அதே ஆணையத்தில் பிரிவு 71, 72-இன் கீழ், உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுப் போடுங்கள். பிரிவு 72-இல் சிறைத் தண்டனைக்கே இடமிருக்கிறது.