குழம்பைப் பார்த்துப் போத்தல் வாங்குங்கள்

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் ஆறு பேர், ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவோம். போன மாதம் ஆளுக்கு 50 ரிங்கிட் போட்டு மூன்று போத்தல் ஒயின் வாங்கினோம். அதில் 150 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினை ஆட்டிறைச்சிப் பெரட்டலோடு குடித்தபோது ஒரே கசப்பு, நாக்கும் எரிந்தது. “விலை உயர்ந்த சரக்கு, நமக்குத்தான் ருசிக்கத் தெரியவில்லை” என்கிறார் ஒரு நண்பர். அப்படியா? அடுத்த முறை எப்படி வாங்குவது, எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?
(வாசகி, குளுகோர், பினாங்கு)

பதில்: உங்கள் நாக்கில் குறை எதுவும் இல்லை. அந்த ஒயினிலும் குறை இருந்திருக்காது. இரண்டையும் ஒரே மேசையில் சேர்த்ததுதான் தவறு.

சிவப்பு ஒயினின் துவர்ப்பு, திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது. பால் ஊற்றாத கடுந்தேநீரைக் குடித்தால் வாய் உலர்ந்து இழுக்குமே, அதே குணம். காரம் பட்ட நாக்கில் அந்தத் துவர்ப்பு கசப்பாகத் தெரியும். இதோடு ஆல்கஹாலும் சேர்ந்துகொள்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டித்தான் நமக்குக் காரத்தைக் காட்டுகிறது. ஆல்கஹாலும் அதே முனைகளைத்தான் தூண்டுகிறது. மிளகும் மிளகாய்த்தூளும் ஏறிய பெரட்டலுக்கு மேல் 14.5 விழுக்காடு ஆல்கஹாலை ஊற்றினால், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். ஆஸ்திரேலியாவின் பரோசா போன்ற வெயில் மிகுந்த வட்டாரங்களிலிருந்து வரும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

ஆகவே கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் போத்தலைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் விழுக்காட்டைப் பாருங்கள். நம் சமையலுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் அந்தத் தாளில் வேறு இல்லை. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் வெள்ளை ஒயினில் 8, 9 விழுக்காடு என்று போட்டிருந்தால், திராட்சையின் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அந்த மெல்லிய இனிப்பு காரத்தைத் தணிக்கும். கூடவே இருக்கும் புளிப்பு, இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். தாளில் ‘கபினெட்’ என்ற சொல்லைத் தேடுங்கள், லேசான வகையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் அது. ‘ட்ரோக்கன்’ என்று இருந்தால் அது இனிப்பு அற்றது. காரமான கறிக்கு வேண்டாம்.

விலையைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பெயரை மறைத்து ஊற்றிய 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளை வைத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பயிற்சி இல்லாத சாதாரண மக்கள், விலை கூடிய ஒயினைச் சராசரியாகச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். விலை தெரியாதபோது நாக்கு தன் பாட்டுக்குப் பேசுகிறது. தெரிந்துவிட்டால், கொடுத்த காசுக்கு நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அதற்காக அடிமட்ட விலைக்கும் போகாதீர்கள். மலேசியாவில் ஒயினுக்கான கலால் வரி, விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. போத்தலில் உள்ள ஆல்கஹாலின் அளவை வைத்து விதிக்கப்படுகிறது. ஒரே அளவு ஆல்கஹால் கொண்ட 50 ரிங்கிட் போத்தலுக்கும் 300 ரிங்கிட் போத்தலுக்கும் அந்த வரி ஒன்றுதான். 50 ரிங்கிட்டில் வரியும் கப்பல் கூலியும் கடைக்காரர் பங்கும் போனால் உள்ளே இருக்கும் திராட்சைக்கு என்ன மிஞ்சும்? என் அனுபவத்தில் 80 முதல் 120 ரிங்கிட் வரைதான் கொடுத்த காசு கிளாஸில் தெரிகிறது. நுரைக்கும் ஒயினுக்குத் தனி வரி விகிதம், அதுவும் மிகக் கூடுதல். அதன் விலை ஏன் எட்டாமல் நிற்கிறது என்று பலர் கேட்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

இனி ஒப்பிடும் முறை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எட்டுப் பேர் கூடியபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். நான்கு போத்தல்களைப் பழைய நாளிதழில் கழுத்து வரை சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, 1 முதல் 4 வரை எண் எழுதினோம். சுற்றியவரும் ஊற்றியவரும் ஒருவரே. குடிக்காத ஒன்பதாவது ஆள் அவர். அவருக்கு மட்டும் எது எது என்று தெரியும். ஒரு போத்தலில் 750 மில்லி இருக்கிறது. ஆளுக்கு 50 மில்லி ஊற்றினாலே மூக்குக்கும் நாக்குக்கும் போதும். எட்டுப் பேருக்கு ஊற்றிய பிறகும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கும். எல்லாருக்கும் ஒரே வடிவக் கிளாஸ். எண் வரிசையைப் பார்க்காமல், இனிப்பில்லாததை முதலிலும் இனிப்பானதைக் கடைசியிலும் வைத்தோம். இடையிடையே வெறும் சோறும் தண்ணீரும்.

முதல் சுற்றில் உணவே இல்லை. ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போட்டு மடித்து வைத்துவிட்டோம். இரண்டாவது சுற்றில் அதே நான்கையும் பெரட்டலோடு சுவைத்து, வேறு தாளில் மதிப்பெண். இந்த இரண்டாவது தாளை விட்டுவிடாதீர்கள். ஒப்பீட்டின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் எட்டுப் பேரில் ஆறு பேர் 3-ஆம் எண்ணைத் தலையில் தூக்கி வைத்தார்கள். 1-ஆம் எண்ணை ‘சர்பத்’ என்று ஒதுக்கினார்கள். தட்டில் பெரட்டல் விழுந்த பத்தாவது நிமிடம் 3-ஐத் தொட ஆளில்லை. 1-ஆம் எண் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டை வடித்துக்கொண்டிருந்தார் அதை ஒதுக்கியவர்களில் ஒருவர். தாளைப் பிரித்தால் 3 என்பது 14.5 விழுக்காட்டு ஷிராஸ், 1 என்பது 9 விழுக்காட்டு ரீஸ்லிங். ஷிராஸின் விலை மற்றதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சிவப்புதான் வேண்டும் என்றால், துவர்ப்புக் குறைந்ததாக எடுங்கள். பிரான்சின் போஜொலே வட்டாரத்துக் காமே திராட்சை நம் கறிக்கு ஒத்துப்போகிறது. ஒரு முக்கியமான செய்தி: சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாறவேண்டும் என்று எழுதியிருப்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளை மனத்தில் வைத்து. பினாங்கில் மின்விசிறிக்குக் கீழேயும் 30 பாகை இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் பாருங்கள், வேறு ஒயின் போல இருக்கும்.

பெரட்டலுக்குப் பதிலாக மீன் தலைக் கறியோ அசாம் லக்சாவோ செய்வதாக இருந்தால் சிவப்பை அறவே தவிர்த்துவிடுங்கள். ஒயினில் உள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிவப்பில் பொதுவாக அது கூடுதல். புளி ஊற்றிய குழம்புக்கு அதைவிடப் புளிப்பான வெள்ளை ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் வெறும் தண்ணீராகத் தெரியும். தேங்காய்ப்பால் குருமாவுக்கு வாசனை மிகுந்த கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் நன்றாக இருக்கும். நான்கைந்து குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றிய நாசி கண்டாருக்குப் பொருந்தும் ஒயினை மட்டும் நான் இன்னும் கண்டதில்லை. அதற்கு எலுமிச்சைச் சாறே சரி.

குடிக்காதவர் யாரும் உங்கள் ஆறு பேரில் இல்லை என்றால் எல்லாரும் வாடகைக் காரில் வாருங்கள். 2020 அக்டோபர் முதல் ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு, 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நான்கு கிளாஸ் சுவைத்தவர் தான் தெளிவாக இருப்பதாகவே நினைப்பார். அந்த நினைப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: 110 ரிங்கிட் கொடுத்து வாங்கிய பிரெஞ்சு ஒயினைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறியது. கடையில் கேட்டதற்கு, “திறந்த போத்தலைத் திரும்ப எடுக்கமாட்டோம், சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோமே” என்றார்கள். காசு போனதுதானா?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: போகவில்லை. நீங்கள் சொல்லும் வாடை தக்கையில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளால் வருவது, டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குடித்தால் உடலுக்குக் கேடில்லை, ஆனால் ஒயினின் வாசனை முழுவதையும் அது விழுங்கிவிடும். திறக்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படியிருக்க, திறந்தது உங்கள் தவறு என்று எப்படிச் சொல்ல முடியும்?

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். சுவரில் ஒட்டிய தாள் அந்த உரிமையைப் பறித்துவிடாது. மிச்ச ஒயினைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். தக்கையை மீண்டும் அடைத்து, ரசீதோடு எடுத்துக்கொண்டு போய்க் கடை மேலாளரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எனக்கும் இரண்டு முறை இப்படி நேர்ந்தது. ஒரு கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் முக்கால்வாசி நிரம்பியிருந்த போத்தலைக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் போனால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. 110 ரிங்கிட்டுக்கு அங்கே போகவேண்டுமா என்று தயங்காதீர்கள். சிறிய கோரிக்கைகளுக்காகவே அமைத்த மன்றம் அது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாறியது அட்டை வாடையா, வேகவைத்த உலர்திராட்சை வாடையா? இரண்டாவது என்றால் போத்தல் வெயிலில் வெந்திருக்கிறது. கடையின் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி நின்ற போத்தலை வாங்கவேண்டாம். தக்கை மேலெழும்பி உறையை முட்டிக்கொண்டிருந்தாலும் கழுத்தில் கசிந்த கறை இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் வாங்கிய பிறகு காரில் வைத்துவிட்டு நீங்கள் பேரங்காடியில் மூன்று மணி நேரம் சுற்றியிருந்தால், அந்தப் பழியைக் கடைக்காரர் மேல் போட முடியாது.

கேள்வி: நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். ஒயின் திராட்சைச் சாறுதானே, தயங்காமல் குடிக்கலாமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கேட்டது நல்லது. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசின், விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். கலங்கலை இழுத்துக்கொண்டு அவை அடியில் தங்கிவிடும், பிறகு வடிகட்டிவிடுவார்கள். ஆனாலும் உங்களுக்கு மனம் ஒப்பாது என்று எண்ணுகிறேன். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும், எதையும் சேர்க்காமல் தானாகத் தெளியவிடுபவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கத் தாளில் ‘வீகன்’ என்று போட்டிருப்பதை எடுத்தால் கவலையில்லை. போடாதவை எல்லாம் அசைவம் என்று ஆகாது. இறக்குமதியாளரிடம் எழுதிக் கேட்டால் பதில் கிடைக்கும்.

கேள்வி: கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, கடையில் 140 ரிங்கிட் விற்கும் அதே ஒயினைப் போத்தல் 45 ரிங்கிட் வீதம் இரண்டு போத்தல் வாங்கிவிட்டோம். “வரியில்லாத் தீவிலிருந்து வந்தது” என்றார் விற்றவர். நண்பர்கள் கூட்டத்துக்கு எடுத்துப்போகலாமா?
(வாசகர், பாயான் பாரு)

பதில்: வேண்டாம். போத்தலில் சுங்கத் துறையின் வரி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்ற மலாய் எச்சரிக்கையும் இருக்கவேண்டும். இரண்டும் இல்லை என்றால் அது முறைப்படி இறங்கிய சரக்கு அல்ல. லங்காவியிலிருந்து வரும் பயணி ஒருவர், சொந்தப் பயனுக்கு 1 லிட்டர் வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். விளம்பரம் போட்டு விற்கும் அளவுக்குக் கொண்டுவர வழியில்லை.

வரி ஏய்ப்பைவிட என்னை அஞ்சவைப்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள்தான் அவர்களும். மெத்தனாலைச் சுவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் கண் மங்கும்போதுதான் தெரியவரும். 90 ரிங்கிட் போனால் போகட்டும். போத்தலைத் திறக்காமல், விளம்பரத்தின் படத்தையும் பணம் செலுத்திய பதிவையும் எடுத்துக்கொண்டு சுங்கத் துறையில் புகார் கொடுங்கள். விற்றவரின் எண்ணை அழித்துவிடாதீர்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.