அம்மாவின் முதுகுத்தண்டு ஆபரேஷன்: கரையும் ஸ்காஃபோல்ட் பற்றி

வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் உங்கள் அம்மாவுக்கு இடுப்புப் பக்கம் இரண்டு முள்ளெலும்புகளை இணைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் வைக்கும் ஸ்காஃபோல்ட் (எலும்பு படர்ந்து வளர வைக்கும் நுண்துளைப் பொருள்) கரைந்துபோனால் முதுகு பலமிழக்காதா, அதில் மாட்டுப் பொருள் இருக்குமா என்பதுதானே கேள்வி?

எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடிப்பவை திருகுகளும் கம்பிகளும்தான். ஸ்காஃபோல்ட் கொடிக்குப் போடும் பந்தல் மாதிரி. அதன் நுண்துளைகளுக்குள் ரத்தக்குழாய்களும் எலும்புச் செல்களும் படரும். அது கரையக் கரைய அம்மாவின் சொந்த எலும்பு அந்த இடத்தைப் பிடிக்கும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது, சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும்.

தைப்பூச விரதம் இருக்கும் அம்மாவுக்கு இரண்டாவது கேள்வி சின்னது இல்லை. ஸ்காஃபோல்ட் ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் உப்பால் ஆனது என்றால், அது பொதுவாகச் செயற்கையாகத் தயாரித்தது. கொலாஜன் என்ற புரதம் கலந்திருந்தால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பொருளின் பெயரை எழுதி வாங்கி, கொலாஜன் உண்டா என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். பொருள் மாறினால் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதியையும் மறுபடி பாருங்கள்.

அப்புறம், அம்மாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோட்டின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.